தலையைப் பிடித்தவள் சொல்

அம்பிட்டியவில் மேட்டுப் பாதை முடிகிற இடத்தில் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. அம்புலன்ஸ் வண்டிகளில் வேலை செய்கிற மருத்துவ உதவியாளர்களை வருடத்துக்கு ஒரு தடவை அங்கே கூப்பிட்டு, படித்ததெல்லாம் கையில் இன்னும் நிற்கிறதா என்று சோதிப்பார்கள். ஒன்பது மேசைகள், ஒன்பது சோதனைகள்.

அந்த வருடம் எட்டு மேசைகளில் சிந்துஜாவை அசைக்க ஆள் இருக்கவில்லை. ரத்தம் பீறிடும் தொடைக்கு இறுக்குப் பட்டி போட நாற்பது விநாடி கொடுத்திருந்தார்கள். அவள் முப்பதுக்குள் போட்டு, பட்டியின் மேல் நேரத்தையும் எழுதிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு நின்ற பொம்மையின் நெஞ்சை அவள் அழுத்தியபோது, அழுத்தம் சரியா என்று காட்டுகிற கருவியின் பச்சை விளக்கு ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. பிரசவ மேசைக்காரர் அவள் கையுறை கழற்றிய விதத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

ஒன்பதாவது, முள்ளந்தண்டு மேசை.

விழுந்து அடிபட்டவரின் கழுத்திலோ முதுகிலோ எலும்பு உடைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், நாலு பேர் சேர்ந்துதான் அவரைத் திருப்ப வேண்டும். ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டுத் தலையைப் பிடிப்பார். மற்ற மூவர் தோள், இடுப்பு, முழங்கால் என்று வரிசையாக உட்கார்ந்து பிடிப்பார்கள். தலையைப் பிடித்தவர் சொல்கிற சொல்லுக்கு நாலு பேரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும், மரக்குற்றியை உருட்டுவது போல. தோள் முந்தி இடுப்பு பிந்தினால் உள்ளே ஒடிந்த எலும்பு நரம்பை நசுக்கிவிடும். பிறகு அந்த மனிதருக்குக் கால் இருந்தும் இல்லாத கதைதான். அதனால் தலையைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் சொல்தான் சட்டம். இடுப்பைப் பிடித்திருப்பவர் பெரிய டொக்டராகவே இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

சிந்துஜா தலையைப் பிடித்தாள். பிடியில் ஒரு குறையும் இல்லை. சிங்களத்தில் எண்ணினாள்.

"எகாய், தெகாய், துனாய்."

தோளைப் பிடித்தவருக்கு அது கேட்டது. முழங்காலைப் பிடித்தவருக்குக் கேட்கவில்லை. பொம்மையின் மேல்பாதி திரும்பியது, கீழ்ப்பாதி அப்படியே கிடந்தது. இடுப்புக்குள் இருந்த பிளாஸ்டிக் மூட்டு 'கடக்' என்றது.

பயிற்றுநர் சஞ்சீவனி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விபத்துப் பிரிவில் பல வருடம் தாதியாக நின்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர் அவர். கோபம் வந்தால் குரல் இன்னும் அமைதியாகும்.

"நங்கி, உங்களுடைய கைக்கு நான் நூறு போடுவேன்," என்றார் சிங்களத்தில், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. "ஆனால் இந்த மனிதர் இனி எழும்பி நடக்க மாட்டார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தருகிறேன். அதற்குப் பிறகும் உங்களுடைய சத்தம் முழங்கால் வரைக்கும் போகாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி, ஒஃபிஸில் உட்காரவைக்க வேண்டிவரும். எனக்கு வேறு வழி இல்லை."

வெளியே படிக்கட்டில் சாரதி நஸீப் காத்துக்கொண்டிருந்தார். அலவத்துகொடக்காரர், நாற்பத்தைந்து வயது. மலைப்பாதையில் வண்டியை அவர் பின்னுக்கு எடுக்கும்போது பார்ப்பவர்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார். சிந்துஜாவும் அவரும் ஒரே வண்டியில் ஒரு வருடமும் நாலு மாதமும் வேலை செய்திருந்தார்கள். அவரை அவள் 'நானா' என்று கூப்பிடுவாள், அண்ணன் என்று அர்த்தம்.

"என்னா புள்ள, மொகம் இப்பிடி ஈக்கிது?"

"எட்டு பாஸ், நானா. ஒன்னு பெயில்."

"ஒங்கட கையில பெயிலா? ஆருக்குக் கத சொல்ற?"

"கையில இல்ல. வாயில."

கேட்டுவிட்டு நஸீப் சிரித்தார். "இதுக்கா இந்த மொகம்? எங்கட பொஞ்சாதி றிப்தாவ ஒரு கெழமைக்கி ஒங்களுக்கு டீச்சரா அனுப்பட்டா? அவ குசினிக்குள்ள ஈந்து கூப்பிட்டா சந்தியில டயருக்குக் காத்தடிக்கிற எனக்குக் கேக்கும்."

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்து, இதுவரை யோசிக்காத ஒன்றை யோசித்தாள். இந்த ஒரு வருடமும் நாலு மாதமும் தங்கள் வண்டியில் யாருடைய சொல்லுக்கு நோயாளிகளைத் தூக்கினோம்?

நஸீப் எதைத் தூக்கினாலும் "பிஸ்மில்லாஹ்" சொல்லித்தான் தூக்குவார். ஸ்ட்ரெச்சராக இருந்தாலும் சரி, ஸ்டெப்னி டயராக இருந்தாலும் சரி. முதல் கிழமையிலேயே அவளுடைய கைகள் அதற்குப் பழகிவிட்டன. அவர் 'பிஸ்' என்று தொடங்கும்போது அவள் மூச்சை இழுப்பாள், 'லாஹ்' என்று முடிக்கும்போது ஸ்ட்ரெச்சர் இருவர் கையிலும் ஒன்றாக எழும்பும். அத்தனை தூக்கலிலும் ஒரு தடவைகூடச் சாயவில்லை. ஆனால் ஒரு தடவைகூட அவள் சொல்லவும் இல்லை. தலைமாட்டில் நின்றது அவள்தான், சொன்னது அவர்.

இதை அவரிடம் சொன்னபோது நஸீப் சிரிப்பை நிறுத்தினார்.

"அல்லாஹ், மெய்தான். நான் ஒங்கட வேலயயும் சேத்துச் செஞ்சிட்டேன் புள்ள. இனி நான் பிஸ்மிய வாய்க்குள்ள சொல்லிக்கொள்றேன். தூக்குற சொல்லு ஒங்கட."

சொல்லுவது லேசாக இருந்தது. மறுநாள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடிவீட்டிலிருந்து நெஞ்சு நோவுக்காரரைக் கதிரையில் உட்காரவைத்து இறக்கும்போது, சிந்துஜா சொன்ன "தூக்குங்க" கீழ்ப்படியில் நின்ற நஸீபுக்குக் கேட்கவில்லை. கேட்காமல் தூக்கக் கூடாது என்று அவர் வேண்டுமென்றே அசையாமல் நின்றார். மேலே அவள் கையில் கதிரை கனத்தது. இன்னொரு தடவை சொன்னாள். கதிரையில் இருந்த நோயாளியே கீழே எட்டிப் பார்த்து, "தம்பி, அவங்க தூக்கச் சொல்றாங்க," என்றார்.

தன் சத்தம் எங்கே போனது என்பது சிந்துஜாவுக்குத் தெரியும்.

அவள் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடொன்றில், பிறந்தவள். தாய் அழகம்மா கொழுந்து பறிக்கிறவள். தகப்பன் கறுப்பையா கொழுந்து மூட்டைகளை லொறியில் ஏற்றுகிறவர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து கண்டி நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் கிழமையில், டீச்சர் கொப்பியைக் கேட்டபோது எழும்பி நின்று, "கொண்டாரலீங்க டீச்சர், லயத்துலயே வச்சிட்டு வந்திட்டேங்க," என்று தோட்டத்தில் பேசுகிற மாதிரியே உரத்துச் சொன்னாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் தன் பேச்சிலிருந்து தோட்டத்தை ஒவ்வொரு சொல்லாகக் கழுவினாள். கழுவிய பிறகும் எங்காவது ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் குரலையும் தணித்துக்கொண்டாள். சிங்களத்தில் நடந்த அம்புலன்ஸ் பயிற்சியிலும் அதே கதைதான். பாடங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து விடிய விடியப் படித்தாள், வகுப்பில் வாய் திறந்தால் பக்கத்துக் கதிரைக்கு மட்டும் கேட்கும். மெதுவாகச் சொல்கிற ஆளை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அழகம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மகளின் சீருடைதான். சிந்துஜா லீவில் வரும்போது தாய் அதைத் தோய்த்து, லயத்துக்குப் பின்னால் கொடி இருந்தும் முன்னால் கட்டிய கயிற்றில்தான் காயப்போடுவாள், வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி றோட்டைப் பார்க்கும்படி. தோட்டத் தலைவர் சன்னாசி அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கறுப்பையாவிடம், "பொம்பளப் புள்ளைக்கு ஆபீஸ் வேல பாத்திருக்கலாமே அய்யா. வண்டியில ஊரு ஊரா சுத்துறது என்னா வேல?" என்று கேட்டாராம். தொழிற்சங்கத்திலிருந்து கோயில் திருவிழா வரைக்கும் அந்தத் தோட்டத்தில் சன்னாசி கை காட்டினால்தான் எதுவும் நடக்கும். அவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை.

இப்போது மூன்று கிழமை கழித்துத் தான் உண்மையாகவே ஒஃபிஸ் வேலைக்குப் போய்விட்டால், அந்தச் சீருடை கயிற்றிலிருந்து இறங்கும். சிந்துஜா அதை நினைத்தபோதெல்லாம் வண்டிக்குள் போய்ப் பையைத் திறந்து சாமான்களைச் சரிபார்ப்பாள். எல்லாம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கத்தரிக்கோல் எந்தப் பைக்குள், உறிஞ்சு குழாய் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரியும். இல்லாதது ஒன்றுதான்.

மூன்றாவது கிழமை செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. வத்தேகமவில் வண்டியை நிறுத்தியிருந்தபோது அழைப்பு வந்தது. கராம்பு மரத்திலிருந்து ஒரு ஆள் விழுந்துவிட்டார், நினைவு இருக்கிறது, எழும்ப முடியவில்லை. இடத்தைக் கேட்டதும் நஸீப் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"ஒங்கட தோட்டம்தானே?"

"எங்க லயத்துக்கு அடுத்த மல."

அவர் சைரனைப் போட்டார்.

மாசி மாதம் கராம்புக் காலம். தேயிலைக்கு நடுவே வரிசையாக நிற்கிற கராம்பு மரங்களில் ஆட்கள் ஏறி மொட்டுக் கொத்துகளை ஒடித்துப் போடுவார்கள். கராம்புக் கிளை நம்ப முடியாதது. நேற்றுத் தாங்கியது இன்றைக்கு முறியும். ஒவ்வொரு வருடமும் யாராவது விழத்தான் செய்கிறார்கள்.

றோட்டுக்குக் கீழே ஐம்பது அறுபது கஜம் தள்ளிச் சரிவில், சின்னக் கூட்டம் தெரிந்தது. நஸீப் வண்டியைத் திருப்பி, முகம் வெளியே பார்க்க நிறுத்தி, சில்லு உருளாமல் கல் வைத்தார். சிந்துஜா சப்பாத்து நாடாவை இறுக்கினாள், தலைக்கவசத்தைப் போட்டாள், பையைத் தோளில் மாட்டினாள். இருவரும் முதுகுப் பலகையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு இடையே இறங்கினார்கள்.

நோயாளியைப் பார்க்குமுன் மேலே பார்க்க வேண்டும் என்பது பாடம். அவள் பார்த்தாள். முறிந்த கிளை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே ஒரு ஆள் இன்னும் மரத்தில் உட்கார்ந்து கீழே நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே, கல்கட்டுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தவர் கணேஸ். முப்பத்திரண்டு வயது, அவளோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த சுந்தரியின் புருஷன். முகம் ஒரு பக்கம் திரும்பி, வாயோரம் ரத்தமும் மண்ணும். மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டது. சுந்தரி பால் போடாத சாயத்தண்ணிக் கோப்பையோடு தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆண்கள் அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் கறுப்பையா, மற்றவர் அவரோடு லொறியில் மூட்டை ஏற்றுகிற கூட்டாளி. தலைவர் சன்னாசி கல்கட்டின் மேல் நின்று கையை உயர்த்தியிருந்தார்.

"நிமித்தி உக்கார வைங்கடா. ரெண்டு வாய் தண்ணி குடிக்கட்டும். பெறகு கம்பளியில தூக்கிக்கிட்டுப் போவோம். ம்... தூக்கு..."

சிந்துஜா சொன்னாள், "தயவுசெய்து அவரைத் தொட வேண்டாம்."

பள்ளிக்கூடத்துத் தமிழ், பள்ளிக்கூடத்துச் சத்தம். நஸீபைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. கறுப்பையாவின் தோள்பட்டை இறுகியது. அந்த இறுக்கத்தை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள், மூட்டை எழும்பப் போகிறது என்று அர்த்தம். கணேஸின் கழுத்து மடியப்போகிறது என்பது மட்டும்தான் அப்போது அவளுக்குத் தெரிந்தது. தன் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"யேய், கைய எடுங்க! ஆளத் தொடாதீங்க! அப்பா, கைய எடுங்கன்னு சொல்றேன்ல!"

அடுத்த மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கறுப்பையா நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். மற்றவரும் எடுத்துவிட்டார். தலைவர் சன்னாசியின் உயர்த்திய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"சுந்தரி, அந்தத் தண்ணி வேணாம், கீழ வை. பொறைக்கேறிச்சின்னா மூச்சு நின்னுரும். மரத்துல இருக்கிற அண்ணே, அந்தப் பக்கமா எறங்குங்க. நீங்க எறங்குற வரைக்கும் நாங்க கிட்ட வர முடியாது. சீக்கிரம்."

மரத்துக்காரர் இறங்கினார். நஸீப் ஒரு நீளக் கொக்கத்தடியை வாங்கித் தொங்கிய கிளையை மறுபக்கமாக இழுத்து விழுத்தினார். முழுக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், "ஆளு கெடக்குறான், இவ கெளய பாக்குறா."

"என் தலையில விழுந்தா ஒங்கள்ல யாரு இவரக் காப்பாத்துறது?" என்று கேட்டுக்கொண்டே சிந்துஜா கல்கட்டைத் தாண்டி, கணேஸின் தலைமாட்டில் முழங்காலிட்டாள்.

கையுறை போட்ட கைகளை மாற்றி வைத்துப் பிடித்தாள், ஆளைத் திருப்பி முடிக்கும்போது அவை நேராக வரும்படி. நஸீப் உறிஞ்சு குழாயால் வாயிலிருந்த ரத்தத்தை எடுத்தார். கரகரப்பு குறைந்தது.

"கணேஸ் அண்ணே, நான் கறுப்பையா மக. தலைய ஆட்டாதீங்க. வாயால மட்டும் சொல்லுங்க. கால் வெரல அசைக்க முடியுதா?"

வலது கால் விரல்கள் அசைந்தன. இடது பெருவிரல் யோசித்து யோசித்து ஒரு தடவை அசைந்தது.

"எடது காலு... மரத்துப்போன மாதிரி இருக்கும்மா."

அவ்வளவுதான் விஷயம். நரம்பு இன்னும் அறுபடவில்லை. அந்த அசைவு அப்படியே பலகைக்குப் போக வேண்டும். இனி யாராவது ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ அந்தப் பெருவிரல் இனி அசையாது. குப்புறக் கிடக்கிறவரைத் திருப்பாமலும் விட முடியாது. வாயில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

கழுத்துப் பட்டை, பலகை, கட்டுகள் எல்லாம் தயார். ஆட்கள்தான் வேண்டும். "நானா தோளு. அப்பா, நீங்க இடுப்பு. சின்னய்யா, நீங்க முழங்காலு." கறுப்பையாவும் அவருடைய கூட்டாளியும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள்.

சன்னாசி தொண்டையைச் செருமினார். "சரி, நான் ஒன்னு ரெண்டு சொல்றேன்..."

"இல்லீங்க தலைவரே. சொல்றது தலையப் பிடிச்ச ஆளுதான். நீங்க பலகைய வச்சிருங்க. ஆள் சரிஞ்சதும் நான் 'பலகை'ன்னு சொல்லுவேன், அப்ப உள்ள தள்ளணும். அது பெரிய வேல, ஒங்களத் தவிர யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்."

தலைவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையைப் பிடித்துக் குந்தினார்.

அப்போதுதான் சிந்துஜாவுக்கு ஒன்று உறைத்தது. தகப்பனும் கூட்டாளியும் முப்பது வருடமாகக் கொழுந்து மூட்டை தூக்குகிறவர்கள். லொறியில் மூட்டையை வீசும்போது 'ஒன்னு' என்றால் ஆட்டுவார்கள், 'ரெண்டு' என்றால் வீசுவார்கள். 'மூணு' என்ற ஒன்றே அந்த வேலையில் கிடையாது. அவள் மூன்று வரைக்கும் எண்ணினால் இடுப்பும் முழங்காலும் இரண்டிலேயே போய்விடும். நஸீபுடைய தோள் பிஸ்மிக்குக் காத்துக்கொண்டிருக்கும். பயிற்சிப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. அதை எழுதியவர்கள் கொழுந்து லொறி பார்த்திருக்க மாட்டார்கள்.

"எல்லாரும் கேளுங்க. இது மூட்ட இல்ல. நான் எண்ணவே மாட்டேன். 'தயாரா'ன்னு கேப்பேன், ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும். பெறகு 'திருப்பு'ன்னு சொல்லுவேன். அந்தச் சொல்லு முடிஞ்சாத்தான் கை அசையணும். நானா, ஒங்க பிஸ்மிய இப்பவே சொல்லி முடிச்சிருங்க."

"சொல்லியாச்சி," என்றார் நஸீப்.

"இப்ப ஆளத் தொடாம, வெறுங்கையால ஒருக்கா செஞ்சு பாப்போம். தயாரா?"

"ஓ," "ஆமா," "சரி."

"திரு..."

கறுப்பையாவின் கைகள் காற்றில் போய்விட்டன.

"அப்பா."

"பழக்கம் புள்ள..."

"இன்னொரு தடவ."

அடிபட்ட ஆள் கிடக்க, மூன்று பேர் காற்றைத் திருப்புவதைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் சிரிக்கப் போனார். சன்னாசி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

இரண்டாவது தடவை மூன்று ஜோடிக் கைகளும் ஒன்றாகப் போயின. மூன்றாவது தடவையும் செய்ய வைத்தாள். பிறகு, "இப்ப நிசமா. பிடிங்க," என்றாள்.

பிடித்தார்கள். தன் விரல்களுக்கடியில் கணேஸின் தாடை எலும்பு துடிப்பதை அவள் உணர்ந்தாள்.

"தோளு தயாரா?"

"ஓ."

"இடுப்பு?"

கறுப்பையா அவளைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தயாரு."

"முழங்காலு?"

"ஆமா."

"திருப்பு!"

கணேஸ் முழு மரமாகச் சரிந்தார். தலை, தோள், இடுப்பு, கால், எல்லாம் ஒரே கோட்டில். "பலகை!" என்றாள். தலைவர் பலகையைத் தள்ளினார், ஒட்டினாற்போல், சரியாக. "தயாரா? எறக்கு!" முதுகு பலகையில் படிந்தது. அவளுடைய மாறிப் பிடித்த கைகள் நேராகியிருந்தன.

"கணேஸ் அண்ணே. கால் வெரலு."

வலது அசைந்தது. எல்லோரும் இடது காலைப் பார்த்தார்கள். பெருவிரல் அசைந்தது. பிறகு, கேட்காமலே, இன்னொரு தடவை அசைந்தது.

சுந்தரி அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

கட்டுகளைப் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்து, தலைப்பக்கம் மேட்டைப் பார்க்க ஆறு பேர் பலகையை ஏற்றினார்கள். ஒவ்வொரு கல்கட்டிலும் நிற்க வைத்து, "தயாரா?" கேட்டுத்தான் அடுத்த அடி. பாதி வழியில், அவள் கேட்குமுன்னே ஆட்கள் ஒவ்வொருவராக "தோளு தயாரு," "நடு தயாரு," என்று தாங்களாகவே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வண்டிக்கதவை மூடும்போது கறுப்பையா கல்லைச் சில்லுக்கடியிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு நின்றார். பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"பாத்தியா? என்னையவே மூணு தடவ செய்ய வச்சிட்டா."

கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நஸீப் ஒரு குழியில்கூட வண்டியை விழ விடவில்லை. விபத்துப் பிரிவில் இளம் டொக்டர் ஒருவர் வந்தார். சிந்துஜா சிங்களத்தில் விபரம் சொன்னாள்: எவ்வளவு உயரம், எப்படிக் கிடந்தார், திருப்புமுன் எந்த விரல் அசைந்தது, திருப்பிய பின் எந்த விரல் அசைந்தது, எத்தனை மணிக்கு. டொக்டர் எழுதிக்கொண்டே, "நாலு பேரும் பயிற்சி எடுத்தவர்களா?" என்று கேட்டார்.

"ஒருவர் எங்களுடைய சாரதி. மற்ற இருவரும் கொழுந்து லொறிக்காரர்கள்," என்றாள். "அங்கேயே பழக்கினேன்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊர் நீங்கள்?"

"அதே தோட்டம்தான்."

கழுத்தில் ஒரு எலும்பு வெடித்திருந்தது. நரம்புக்குச் சேதம் இல்லை. இரண்டு மாதம் பட்டை போட்டிருக்க வேண்டும், மரம் ஏறுவதை மறந்துவிட வேண்டும், மற்றபடி நடக்கலாம். இந்தச் செய்தியைச் சுந்தரி தொலைபேசியில் சொன்னபோது சிந்துஜா வண்டியின் தரையைக் கிருமிநாசினி போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, மிச்சத் தரையையும் கழுவி முடித்தாள். நஸீப் டயர்க்காரரிடமும், தேத்தண்ணிக் கடை மஹ்மூத் காக்காவிடமும், அந்தப் பக்கமாக வந்த ஒரு பொலிஸ்காரரிடமும் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கராம்பு மரம் உயர்ந்துகொண்டே போனது.

"நானா, இருபது அடிதான்," என்றாள் அவள்.

"ஒங்களுக்கு இருபது. எனக்கு அம்பது. நீங்க தலையப் பாத்தீங்க, நான் மரத்தப் பாத்தேன்."

மறுபரீட்சை வெள்ளிக்கிழமை. அம்பிட்டிய மண்டபத்தில் அன்றைக்கு முள்ளந்தண்டு மேசை இரண்டு போட்டிருந்தார்கள், தவறவிட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்ததால். ஒன்றில் சிந்துஜா. மற்றதில் கம்பளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நங்கி, நெற்றியெல்லாம் வியர்வையோடு பொம்மைத் தலையைப் பிடித்துக்கொண்டு, எப்போது தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சஞ்சீவனி மிஸ் புள்ளித்தாளோடு இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றார்.

சிந்துஜா தன்னுடைய மூவரையும் பார்த்தாள். ஒருவர் மாத்தளை, ஒருவர் பேராதனை, மற்றவரை அவளுக்குத் தெரியாது. எண்ணப் போவதில்லை, சொல் முடிந்த பிறகுதான் கை அசைய வேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினாள். வெறுங்கையால் ஒரு தடவை செய்து பார்க்க வைத்தாள். சஞ்சீவனி மிஸ் தாளில் ஏதோ குறித்தார். அப்படி ஒரு படி அந்தத் தாளில் இல்லை. ஓரத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.

"லேஸ்தித?" என்று கேட்டாள் சிந்துஜா. தயாரா என்று அர்த்தம்.

மூன்று பேரும் பதில் சொன்னார்கள்.

அவள் திருப்புகிற சொல்லைச் சொன்னாள். கூரைத் தகரத்தில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. பொம்மை ஒரே கோட்டில், மரமாகத் திரும்பியது.

பக்கத்து மேசைப் பொம்மையும் திரும்பியது.

"மிஸ்," என்றாள் கம்பளை நங்கி, தலையை விடாமல், அழப்போகிற குரலில். "நான் இன்னும் வாயே திறக்கவில்லை. இவர்கள் திருப்பிவிட்டார்கள்."

அவளோடு பிடித்திருந்த மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சஞ்சீவனி மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பொம்மையும் சரிந்தபடி, முதுகு நேராக, ஒரு குறை சொல்ல முடியாமல் இருந்தன.

சிந்துஜா யாரையும் பார்க்கவில்லை. வேலை இன்னும் முடியவில்லை, தலை அவள் கையில் இருந்தது.

"பலகை," என்றாள்.

இரண்டு மேசைக்கும் பலகை வந்தது.